திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை

“அதான் பேக்கப் இருக்கே!”

நம்ம ஊர் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் கட்டாயம் யாராவது இதைச் சொல்வார்கள். சொல்கிறவரிடம் “சரி, கடைசியா எப்ப அதைத் திறந்து பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். “அது தானா ஓடுது தம்பி, தினமும் பச்சை டிக் வருது” என்பார்.

இந்தக் கட்டுரை அந்தப் பச்சை டிக்குக்கு எதிரானது. பேக்கப் சேர்வரை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றும்போது நாம் சொல்லிக்கொள்ளும் பொய்களுக்கும் எதிரானது. “இது டெக்னிக்கல் விசயம், நமக்கெதுக்கு” என்று பக்கத்தை மூட வேண்டாம். சம்பளக் கணக்கு, ஈபிஎஃப் பட்டியல், பாடசாலைப் பெறுபேறு, சங்கத்தின் அங்கத்தவர் பதிவு எல்லாம் இன்றைக்கு ஏதோ ஒரு சேர்வருக்குள்தான் கிடக்கின்றன. அதைக் காப்பாற்றுவது யார் வேலை என்பது அரசியல் கேள்வி.

முதலில் என் கதை. இதில் தப்பு எனக்கும் உண்டு.

நுவரெலியா டவுனுக்குள் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். சில தோட்டங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கிற இடம். அங்கே இரண்டு சேர்வர்கள், இரண்டிலும் விஎம்வேர். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுவதற்கான தளம் அது. லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பல காம்பரா இருக்கிற மாதிரி, ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள். அதில் ஒரு காம்பராவில்தான் பேக்கப் அப்ளையன்ஸும் குடியிருந்தது. அப்ளையன்ஸ் என்றால், கம்பனியே எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தயாராகக் கட்டிக் கொடுக்கிற சேர்வர். நாம் ஏற்றி ஓட்டினால் போதும்.

லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. வந்த விலையைப் பார்த்ததும் மெனேஜர், “இதைக் கட்ட ஏலாது, வேற எதுக்காவது மாத்துங்க” என்றார். ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு மாற்றுவது என்று முடிவானது. ஹட்டனிலிருந்து நானும், ஒன்லைனில் கொழும்பிலிருந்து ஒருவருமாக வேலையை எடுத்தோம். “எல்லா விஎம்மையும் கன்வேர்ட் பண்ணிடலாம் மச்சான், ஒரு சனிக்கிழமை போதும்” என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

மற்ற இயந்திரங்கள் எப்படியோ ஏறின. பேக்கப் அப்ளையன்ஸ் ஏறவில்லை. பாதி வரைக்கும் போய், டிஸ்க்கைக் காணோம் என்று கறுப்புத் திரையில் நின்றது. இரவு எட்டு மணி, வெளியே பனி, கை விறைக்கிறது. “விடு, புதுசா ஒன்னு போட்டு பழைய ஸ்டோரேஜைக் கொழுவிடுவோம்” என்று புதிதாக ஏற்றினோம். ஜொப் ஓடியது. காலையில் பச்சை டிக். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் இடம் போதவில்லை என்று பழைய விஎம்மை அழித்தும் விட்டோம்.

மூன்றாவது வாரம், பென்ஷன் எடுத்த ஓர் அம்மா வந்தார். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈபிஎஃப் பதிவில் இன்னொரு பெயர். நம்ம தோட்டங்களில் இது புதுக் கதையா? பழைய வருஷங்களின் பட்டியலில் அவருடைய அங்கத்தவர் இலக்கம் எப்படி இருந்தது என்று காட்டினால் காரியம் நடக்கும். சம்பள மென்பொருளை முந்திய வருஷம் மாற்றியிருந்தார்கள். அதனால் பழைய வருஷங்கள் பேக்கப்பில் மட்டும்தான் இருந்தன. திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. அந்தப் பழைய பேக்கப் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டவை. சாவியை அறிந்திருந்தது இரண்டே பேர். ஒன்று, நாங்கள் அழித்த பழைய அப்ளையன்ஸ். இன்னொன்று, இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலையை விட்டுக் கட்டாருக்குப் போன ஓர் அண்ணன்.

“நாளைக்கு வாங்கம்மா” என்று சொன்னேன். அவர் மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பஸ் காசு அவருடையது. ஒன்பதாவது நாள் கட்டாரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் வந்தது. “தம்பி, இதைப் போட்டுப் பாரு, அப்ப நான் வழமையா இப்படித்தான் வைப்பேன்.” திறந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் பல வருஷ ஞாபகம், பாலைவனத்தில் வேலை செய்கிற ஒரு மனிதனின் மறதிக்கும் ஞாபகத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவரைக்கும் தினமும் பச்சை டிக் வந்துகொண்டுதான் இருந்தது.

ஏன் மாற வேண்டி வந்தது?

2023 நவம்பர் 22ஆம் திகதி ப்ரோட்கொம் என்கிற அமெரிக்க நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு தடவை காசு கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசன்ஸை விற்பதை நிறுத்தியது. இனிமேல் சந்தா மட்டும்தான். அதுவும் கோர் கணக்கில். ஒரு ப்ராசசரில் எட்டு கோர்தான் இருக்கிறது என்றாலும் பதினாறுக்குக் கட்ட வேண்டும். 2024 பெப்ரவரியில், சின்ன இடங்களும் படிக்கிற பிள்ளைகளும் பாவித்து வந்த இலவசப் பதிப்பையும் தூக்கியது. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொடுத்தது. கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள் இஷ்டம்.

இதில் இலங்கைக்காரனுக்கு இரட்டை அடி. 2022 தொடக்கத்தில் டொலர் ஒன்று சுமார் 200 ரூபாய். அந்த வருஷம் மே மாதத்தில் சுமார் 360. சந்தா டொலரில், வருமானம் ரூபாயில். நாளைக்கு இன்னொரு நெருக்கடி வந்தால், நம் சொந்தத் தகவலைத் திறப்பதற்கான வாடகையை யார் கட்டுவது?

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைக்கிற தொழிலாளிக்குக் கொடுக்கிற சீட்டு. “இவனுடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறோம்” என்பது அதன் பொருள். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு சேர்ந்து நகரும், ஆள் மட்டும் விடுதலை ஆக மாட்டான். 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஒரே தளத்தில் மட்டும் திறக்கக்கூடிய பேக்கப்பும் ஒரு துண்டுதான். “போகலாம், ஆனா உன் பழைய வருஷங்கள் எங்ககிட்ட” என்கிறது. தொழிலாளியின் கஷ்டத்தையும் சேர்வரின் லைசன்ஸையும் சமன் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டிப்போடும் முறை ஒன்றுதான் என்று காட்டத்தான் சொல்கிறேன். கடன், கையொப்பம், பழைய முதலாளியின் அனுமதி. இதை அடையாளம் காண நம்மளவு பழக்கம் யாருக்கு இருக்கிறது?

அதற்காக ப்ரொக்ஸ்மொக்ஸ் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். வியன்னாவில் இருக்கிற ஒரு கம்பனி அதை 2008ல் வெளியிட்டது. மூல நிரல் திறந்தது, காசு கட்டாமல் ஏற்றலாம், உதவி வேண்டுமென்றால் காசு. 2020ல் தனக்கென்று ஒரு பேக்கப் சேர்வரையும் வெளியிட்டது. வீம் என்கிற பிரபலமான பேக்கப் மென்பொருள் 2024 ஆகஸ்டில்தான் ப்ரொக்ஸ்மொக்ஸ் இயந்திரங்களை ஆதரிக்கத் தொடங்கியது. வழி இருக்கிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும், “இதிலிருந்து நாளைக்கு வெளியேற முடியுமா?” என்று கேட்காமல் உள்ளே போனால் பழைய கதைதான்.

“அப்படியே கன்வேர்ட் பண்ணிடலாம்”

இதுதான் முதல் பொய். சாதாரண இயந்திரத்துக்கு இது பெரும்பாலும் உண்மை. பேக்கப் சேர்வருக்கு ஆபத்தான அரை உண்மை.

அன்றைக்கு எங்கள் அப்ளையன்ஸ் ஏன் நின்றது? விஎம்வேரின் உள்ளே டிஸ்க்கும் நெட்வேர்க்கும் ஒரு வகையான போலி வன்பொருளாகக் காட்டப்படும். ப்ரொக்ஸ்மொக்ஸில் வேறு வகை. லினக்ஸ் தொடங்கும்போது கையில் எடுத்துக்கொள்ளும் சின்னப் பொட்டலத்துக்குள் புது வகைக்கான ட்ரைவர் இல்லையென்றால், டிஸ்க் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் அதற்குத் தெரியாது. விண்டோஸ் என்றால் நீலத் திரை. தற்காலிகமாக டிஸ்க்கை சாட்டா வகையாகக் கொழுவி ஏற்றலாம், பிறகு ட்ரைவரைப் போடலாம். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

அது ஏறினாலும் நெட்வேர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். பழைய பெயருக்குக் கொடுத்த ஐபி முகவரி அந்தரத்தில் நிற்கும். பழைய தளம் பயாஸில் தொடங்கியதா, யூஇஎஃப்ஐயிலா என்று பார்க்காமல் மாற்றினால் தொடங்கவே தொடங்காது. கம்பனி பூட்டி வைத்த அப்ளையன்ஸ் என்றால் உள்ளே போய்த் திருத்தவும் விட மாட்டார்கள்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். தெரிகிற பிழையால் பெரிய ஆபத்து இல்லை, திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாதவைதான் கொல்லும்.

ஒன்று: புதுத் தளத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் புது அடையாளம். பேக்கப் மென்பொருளுக்கு அது முன்பின் தெரியாத ஆள். ஆகவே பழைய சங்கிலியைத் தொடராமல், முழு பேக்கப்பை முதலிலிருந்து எடுக்கும். ஸ்டோரேஜ் சட்டென்று நிரம்பும். இடம் இல்லை என்றதும் நாம் எதை அழிப்போம்? பழையதைத்தான். எங்கள் கதையும் அதுதான்.

இரண்டு: பழைய பேக்கப் கோப்புகளை வேறு டிஸ்க்குக்குச் சும்மா கொப்பி பண்ணினால் சில நேரம் வீங்கிவிடும். ஒரே துண்டுத் தகவலைப் பல கோப்புகள் பங்கு போட்டு வைத்திருக்கிற கோப்பு முறைகளில், சாதாரண கொப்பி அந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்ளாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதும். நாலு டெராபைட் இருந்த இடத்தில் பத்து கேட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

மூன்று: சாவி. இது எல்லாவற்றையும் விடப் பெரியது. புது சேர்வர் பழைய சாவியைத் தானாகக் கொண்டு வராது. பழைய சேர்வரிலிருந்து அமைப்பை ஏற்றுமதி செய்யும்போது அதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டி எடுக்காவிட்டால், சில மென்பொருட்கள் சேமித்த கடவுச்சொற்களை விட்டுவிட்டே வரும். அன்றைக்கு ஒரு எச்சரிக்கை வரியில் சொல்லியிருக்கும். குளிரில் யார் படித்தார்கள்?

ஆகவே என் வாதம் இது: பேக்கப் சேர்வரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிதாகக் கட்டுங்கள், அமைப்பை ஏற்றுங்கள், பழைய ஸ்டோரேஜைக் கொழுவுங்கள். பிறகு பழைய பேக்கப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் புதுத் தளத்தில் ஓட்டிக் காட்டுங்கள். நேற்று எடுத்ததிலிருந்து இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்பு எடுத்ததிலிருந்து. அது ஓடும் வரைக்கும் மாற்றம் முடியவில்லை. அது ஓடிய பிறகும், பழைய பேக்கப்பின் தவணை முடியும் வரை பழைய சேர்வரை அழிக்கக் கூடாது. நாம் இடம் மாற்ற வேண்டியது சேர்வரை இல்லை, திறக்கும் திறனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய சம்பள வருஷங்களைப் பேக்கப்பில் மட்டும் விட்டு வைத்ததே முதல் தவறு. விழுந்தால் எழும்புவதற்கு பேக்கப். பல வருஷம் கழித்துத் தேடி எடுப்பதற்கு ஆவணக் காப்பு. இரண்டும் வேறு வேலை.

பெரிய இடங்களின் கதை

“நம்ம சின்ன அலுவலகம்தானே, பெரிய இடங்கள்ல இப்படியெல்லாம் நடக்காது” என்கிறவர்களுக்கு.

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசாங்க க்ளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வகை. அரச முகவரியில் இருந்த சுமார் 5000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சேவையைச் சில மணித்தியாலங்களில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் பேக்கப்பும் அதே வலையில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தகவல் போனது போனதுதான். பழைய மின்னஞ்சல் மென்பொருளைப் புதுப்பிக்கத் திட்டம் இருந்தது, நிதி கிடைக்காமல் தள்ளிப்போனது என்று பொறுப்பானவர்களே பிறகு சொன்னார்கள்.

அந்தத் திகதிகளை இன்னொரு தடவை பாருங்கள். மலையகம் 200ஐ முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம் மக்கள் நடந்தது அதே வருஷம் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. காணி கேட்டோம், வீடு கேட்டோம், சமமான பிரஜையாக நடத்தச் சொல்லிக் கேட்டோம். அந்த நாட்களில் பாதிக்கப்பட்ட அரச கணக்குகளுக்குள் என்ன வந்தது, என்ன போனது என்பதை அந்தப் பெட்டிகளைத் திறந்து இனி யாரும் பார்க்க முடியாது.

அதே 2023 பெப்ரவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விஎம்வேர் சேர்வர்களை ஒரு ரான்சம்வேர் தாக்கியது. அதற்கான ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021லேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அவர்கள் பூட்டியது தனித்தனிக் கம்ப்யூட்டரை இல்லை, கூரையையே. கூரை போனால் எல்லாக் காம்பராவும் போகும். பேக்கப் சேர்வர் அதே கூரைக்குக் கீழே என்றால் அதுவும்தான்.

2025 செப்டம்பர் 26ல் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் எரிந்தது. லித்தியம் பெட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். அரச ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைக்கும் ஜி-ட்ரைவ் அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரிசு என்று வெளியே பிரதி வைக்கவில்லை. உலகத்திலேயே தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருக்கிற நாடு அது.

2017 ஜனவரி 31ல் கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தவறான சேர்வரில் தகவலை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு முறைகள் இருந்தன. ஒன்றுகூட நம்பிக்கையாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்த நிறுவனம் ஒளிக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டியது. நம் அலுவலகங்களில் இப்படி நடந்தால் என்ன நடக்கும்? “சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க.” அவ்வளவுதான்.

காகிதம் இல்லாதவர்களின் பிள்ளைகள்

இதைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும்? ஏனென்றால் பதிவேடு என்பது நமக்குச் சும்மா காகிதம் இல்லை.

1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை வெளியே தள்ளியது. 1949ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதாகச் சொன்னது. நிபந்தனை: இடைவிடாமல் இங்கேதான் வாழ்ந்தாய் என்று நிரூபி. திருமணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம். லயத்துக் காம்பராவில் இருந்தவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? பெயர் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில். செக்ரோல் இருந்தது தொரையின் ஒஃபிசில். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களின் தலைவிதியை 1964ல் இரண்டு பிரதமர்கள் எண்ணிக்கையாகப் பங்கு போட்டார்கள். மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு ஒரு சட்டம் வர 2003 வரை ஆனது.

மறுப்புக்குக் காரணம் காகிதம் மட்டும் இல்லை, அது அரசியல் என்பது தெரியும். ஆனால் அந்த அரசியல் கையில் எடுத்த ஆயுதம் காகிதம். நம்மைப் பற்றிய பதிவு இன்னொருவரின் அலுமாரியில் இருந்தது. சாவி அவரிடம். இன்றைக்கு அலுமாரி சேர்வராக மாறியிருக்கிறது. சாவி இன்னும் நம்மிடம் வரவில்லை. அந்த அம்மா ஒன்பது நாள் நடந்தது அதனால்தான்.

வேறு மாதிரிச் செய்தவர்களும் உண்டு. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, சுமார் 97,000 நூல்கள் போயின. பல வருஷம் கழித்து, 2005ல் நூலகம் என்கிற இணைய நூலகம் தொடங்கியது. ஈழத்து, மலையக நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி யாரும் திறந்து பார்க்கும்படி வைக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரே இரவில் போய்விடும் என்று தெரிந்த சமூகத்துக்கு அதைவிட நல்ல பதில் எது?

மூன்று சாக்குகள்

“க்ளவுடில் போட்டுட்டா போச்சு.” 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியாவுக்கு என்ன நடந்தது என்று மறந்தா போச்சு? மண் சரிந்தது, ரோட்டு அறுந்தது, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அப்போது க்ளவுடில் இருந்த கோப்பை எதை வைத்துத் திறப்பது? அதே நேரம், பேக்கப் டிஸ்க்கை சேர்வருக்குப் பக்கத்து மேசையில் வைத்தவனுக்கு மண் சரிந்தால் இரண்டும் போகும். இங்கே ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. இரண்டும் வேண்டும். பீட்டர் க்ரோ என்கிற புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 கணக்கு இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். இன்றைக்கு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: ஒன்றாவது வயர் கழற்றி வைத்ததாக இருக்கட்டும்.

“ஓடுற வண்டியில கை வைக்காதே.” வண்டி ஓடுகிறதா என்பதே தெரியாத போது இது அறிவுரை இல்லை, பயம். இன்றைக்கு நீங்கள் நேரம் குறித்து மாறாவிட்டால், லைசன்ஸ் முடிகிற அன்றோ டிஸ்க் செத்த அன்றோ மாற வேண்டி வரும். அப்போது பனியும் இருக்கும், வாசலில் ஒரு அம்மாவும் இருப்பார்.

“வெண்டர் பார்த்துக்குவான்.” வெண்டர் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் ஒப்பந்தத்தில் இருப்பதைப் பார்ப்பான். பச்சை டிக் வர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினால் பச்சை டிக் வரும். “மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் கண் முன்னால் ஒரு பழைய பேக்கப்பைத் திறந்து காட்ட வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்களா? எழுதாதது நம்ம தப்பு.

என்ன செய்யலாம்?

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை பக்கம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிற தம்பி தங்கைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இந்த வேலையைப் படிக்கப் பெரிய காசு தேவை இல்லை. எட்டு, பதினாறு ஜிபி ரெம் இருக்கிற பழைய டெஸ்க்டொப் ஒன்று போதும். ப்ரொக்ஸ்மொக்ஸை ஏற்றுங்கள். உள்ளே இரண்டு இயந்திரம் போடுங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒன்றை அழியுங்கள். திரும்ப எழுப்புங்கள். எத்தனை நிமிஷம் ஆனது என்று கொப்பியில் எழுதுங்கள். சாவி இல்லாமல் திறக்கப் பார்த்துத் தோற்றுப் போங்கள். அந்தத் தோல்வியை வீட்டில் படிப்பது நல்லது. நான் அதை ஒரு அம்மாவின் செலவில் படித்தேன்.

ஏற்கெனவே எங்காவது வேலையில் இருப்பவர்கள், நாளைக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்? சாவி எங்கே, அதை அறிந்த இரண்டாவது ஆள் யார்? இந்தத் தளம் நாளைக்கு இல்லை என்றால் வேறு எதில் இதை ஓட்டுவோம்? பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். இங்கிலீஷில் எழுதி ஒருவருக்கு மட்டும் புரிகிற கடதாசியும் ஒரு பூட்டுதான். கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, இரண்டு இடத்தில் இரண்டு பேர் கையொப்பத்தோடு வையுங்கள். அந்த உறையை சேர்வருக்கு உள்ளேயே கோப்பாக வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், அப்படி வைத்திருக்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு ஒப்பந்தம், சம்பளம், காணி என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். தொழிலாளியின் சேவைக்காலப் பதிவும் ஈபிஎஃப் பட்டியலும் எத்தனை வருஷம், எங்கே, எந்த வடிவத்தில் வைக்கப்படும்? கம்பனி கை மாறினால், மென்பொருள் மாறினால், பழைய வருஷங்களுக்கு யார் பொறுப்பு? இதை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் பதிவின் பிரதி ஒன்று கையில் கிடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய பேக்கப் எந்தக் கம்பனியும் விற்பதில்லை.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் பட்டியல் கிடைத்தது. ப்ரின்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, நாலாக மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்: “தம்பி, இதுல இன்னொன்னு அடிச்சுத் தருவீங்களா? ஒன்னு மககிட்டக் குடுத்து வைக்கணும்.”

எங்கள் இருவரையும் விட, அந்த அலுவலகத்தில் பேக்கப் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.